கனவு எதைப் பற்றியது?

1932 மார்ச் 1 இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் வீட்டு மாடியறையில் தூங்கிக்கொண்டிருந்த இருபது மாதக் குழந்தை கடத்தப்பட்டது. அட்லாண்டிக் பெருங்கடலைத் தன்னந்தனியாக, இடையில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்த முதல் மனிதரின் பிள்ளை அது. நாடே கலங்கிப்போனது. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஹென்றி மர்ரே அப்போது பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள் விடுத்தார்: அந்தக் குழந்தையைப் பற்றிக் கனவு கண்டவர்கள் எழுதி அனுப்புங்கள். 1,300க்கும் மேற்பட்ட கனவுகள் வந்து சேர்ந்தன. மே 12 அன்று குழந்தையின் உடல் வீட்டிலிருந்து சில மைல் தள்ளி, சாலையோர மரங்களுக்கிடையே, ஆழமில்லாத குழியில் கிடைத்தது. மர்ரேயும் அவருடன் பணியாற்றியவரும் வந்த கனவுகளை எடுத்துவைத்துச் சரிபார்த்தார்கள். குழந்தை இறந்துவிட்டதாகக் கண்டவர்களே நூற்றுக்கு ஐந்து பேர்தான். சாவு, குழி, மரங்கள் மூன்றும் சேர்ந்து வந்த கனவுகள் நான்கு.

அந்த நால்வரில் ஒருவர் நம் தெருவில் குடியிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் கனவை ஊரே பேசியிருக்கும். பேரப்பிள்ளைகள் காலம் வரை அந்தக் கதை நின்றிருக்கும். மற்றவர்கள் கண்ட கனவு யார் காதுக்கும் எட்டியிருக்காது. பலித்த கனவுகள் மட்டும் ஏன் தலைமுறை தாண்டி வருகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கை நான் பார்த்ததில்லை.

பலிப்பதில்லை என்று தெரிந்த பிறகு கனவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நிறைய இருக்கிறது என்பதுதான் என் கட்சி. நாளைக்கு என்ன நடக்கும் என்று கனவுக்குத் தெரியாது. ஆனால் கனவு காண்பவரை எது தொட்டிருக்கிறது, எது அவரைவிட்டுப் போக மறுக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வு, பல முட்டுச்சந்துகளில் நுழைந்து திரும்பி, மெல்ல மெல்ல அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

நம் மரபில் கனவுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முன்னறிவிப்பு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் தீக்கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள், கோவலனுக்கும் ஒன்று வருகிறது, பாண்டிமாதேவிக்கும் வருகிறது. மூன்றும் பலிக்கின்றன. பொன்னவன் எழுதியதாகச் சொல்லப்படும் கனாநூல், இரவின் எந்த யாமத்தில் கண்ட கனவு எத்தனை காலத்தில் பலிக்கும் என்று கணக்கே போட்டுக் கொடுத்தது. இன்னொரு வழி ஏக்கம். திருக்குறளின் 122ஆம் அதிகாரமான 'கனவுநிலை உரைத்த'லில் பேசும் பெண், பிரிந்து போனவனைக் கனவிலாவது பார்க்க முடிகிறதே என்றுதான் உருகுகிறாள். அவளுக்குப் பலன் எதுவும் வேண்டாம். ஆண்டாளின் 'வாரணமாயிர'மும் அப்படியே: ஆசையே கல்யாணமாக நடந்து முடிகிறது. நம் வீடுகளில் நிலைத்தது என்னவோ முதல் வழிதான். பாம்பு கடித்தால் பீடை விலகும், கல்யாணம் கண்டால் ஆகாது, சாவைக் கண்டால் ஆயுசு கெட்டி, பல் விழுந்தால் வீட்டில் யாருக்கோ ஆபத்து, விடியற்காலைக் கனவு கட்டாயம் பலிக்கும்.

இந்த விஷயத்தில் சரக சம்ஹிதை நிதானமாகப் பேசுவது எனக்கு எப்போதுமே வியப்பு. கனவுகளை அது ஏழாகப் பிரிக்கிறது. கண்டதால் வருவது, கேட்டதால் வருவது, அனுபவித்ததால் வருவது, விரும்பியதால் வருவது, கற்பனையால் வருவது, வரப்போவதைக் காட்டுவது, உடலின் தோஷத்தால் வருவது. இவற்றில் முதல் ஐந்துக்கும் பலன் தேட வேண்டாம் என்கிறது. அன்றாட வாழ்விலிருந்து வருபவை அவை என்று மருத்துவம் எழுதியவர்கள் அப்போதே பிரித்துவைத்துவிட்டார்கள்.

பல் விழும் கனவை இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2018இல் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். மனக்கவலைக்கும் அந்தக் கனவுக்கும் தொடர்பு தெரியவில்லை. காலையில் எழும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இறுக்கத்தை உணர்பவர்களுக்கே அது அதிகம் வந்தது. சரகர் கடைசியில் வைத்த உடல்வழிக் கனவுக்கு ஒரு நல்ல உதாரணம். விடியற்காலைக் கனவுக்கும் உடலில் காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல சிகாகோவுக்குப் போக வேண்டும்.

1951 வாக்கில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவர், தன் எட்டு வயது மகன் ஆர்மண்டின் கண்ணருகிலும் தலையிலும் மின்முனைகளை ஒட்டித் தூங்கவைத்தார். பழைய பதிவுக் கருவி ஒன்று இரவு முழுக்கக் காகிதத்தில் கோடு கிழித்துக்கொண்டிருந்தது. நடு இரவில் பேனாக்கள் திடீரென்று வேகமாக ஆடின. பையன் விழித்துக்கொண்டான் என்று நினைத்து உள்ளே போய்ப் பார்த்தால் அவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறான். மூடிய இமைக்குள் விழிகள் மட்டும் இங்கும் அங்கும் ஓடுகின்றன. அவரும் அவர் பேராசிரியர் நதானியேல் கிளைட்மனும் 1953இல் இதை வெளியிட்டார்கள். இன்று நாம் ரெம் உறக்கம் என்று சொல்லும் நிலை அதுதான். அந்த நேரத்தில் எழுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர், நூற்றுக்கு எண்பது பேர் அளவில், கனவு கண்டுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். ரெம் சுமார் 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வருகிறது. முதல் சுற்றில் பத்து நிமிடம்கூட நீடிப்பதில்லை. விடியும் நேரத்தில் அரை மணிக்கும் மேல் போகிறது. நீளமான, கதைபோன்ற கனவுகள் விடிகாலையில் குவிவதும், அதன் நடுவிலேயே நாம் எழுந்துவிடுவதால் அவை நினைவில் நிற்பதும் இதனால்தான். முதல் யாமத்துக் கனவு மறந்துபோகிறது. மறந்த கனவு எப்படிப் பலிக்கும்?

ரெம் நிலையில் மூளை விழித்திருப்பது போலவே வேலை செய்ய, உடல் மட்டும் கட்டிப்போடப்படுகிறது. இந்த முரண்பாட்டைப் பிரான்ஸின் லியோன் நகரில் மிஷேல் ஜூவே பூனைகளிடம் கண்டார். மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியைச் சேதப்படுத்தியதும் பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து இல்லாத இரையைத் துரத்தின. மனிதர்களில் இதே நிலையை 1986இல் மினசோட்டாவைச் சேர்ந்த ஷெங்க், மாஹவால்ட் என்ற மருத்துவர்கள் விவரித்தார்கள். பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டிய ஆண்கள். யாரோ தாக்க வருவதாகக் கனவு கண்டு பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியை அடித்துவிடுவார்கள், கட்டிலிலிருந்து பாய்ந்து விழுவார்கள். இவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் ஒரு கடுமையான உண்மை தெரியவந்தது. பல நாடுகளைச் சேர்ந்த 1,280 பேரைப் பற்றி 2019இல் வெளியான ஆய்வின்படி, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு பார்க்கின்சன் நோயோ அதைச் சார்ந்த மறதி நோயோ வரும் வாய்ப்பு இருக்கிறது. வீட்டுப் பெரியவர் தூக்கத்தில் கையைக் காலை வீசி அடிக்கிறார் என்றால், 'ஏதோ கெட்ட கனவு' என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

இதன் மறுபக்கம் அமுக்குவான் பேய். மனம் விழித்துக்கொள்கிறது, உடலின் கட்டு இன்னும் அவிழவில்லை. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல் மூச்சு முட்டுகிறது. கூப்பிட நினைத்தால் குரல் வருவதில்லை. பாதிக் கனவும் பாதி விழிப்புமான இந்தச் சில நிமிடங்கள் உயிருக்கு ஆபத்தில்லாதவை. தூக்கம் கெட்ட நாட்களிலும் மல்லாந்து படுக்கும்போதும் அதிகம் வருகின்றன. பேயோட்டப் பணம் செலவழித்த குடும்பங்களுக்கு இதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆதங்கமாக இருக்கும்.

உடல் எப்படிக் கனவு காண்கிறது என்பது ஒரு கேள்வி. இந்தக் கனவு ஏன் எனக்கு வந்தது என்பது வேறு கேள்வி. அதை முதன்முதலில் விடாப்பிடியாகக் கேட்டவர் ஃப்ராய்ட்.

1895 ஜூலை மாதம் வியன்னாவுக்கு வெளியே பெல்வியூ என்ற விடுதியில் அவர் குடும்பத்தோடு தங்கியிருந்தார். இர்மா என்று அவர் பெயரிட்ட இளம்பெண் ஒருத்திக்குச் சிகிச்சை அளித்துவந்தார், முழுதாகக் குணமாகவில்லை. 23ஆம் தேதி ஒரு மருத்துவ நண்பர் வந்து, 'பரவாயில்லை, ஆனால் பூரணமாகச் சரியாகவில்லை' என்றார். அந்தத் தொனியில் ஃப்ராய்டுக்கு ஒரு குற்றச்சாட்டு கேட்டது. அன்றிரவே, தன் தரப்பை நியாயப்படுத்துவது போல, நோயாளியின் விவரங்களை உட்கார்ந்து எழுதினார். விடிகாலையில் கனவு. பெரிய கூடம், விருந்தாளிகள். இர்மா வருகிறாள். இன்னும் வலி இருந்தால் அது உன் தப்பு என்று அவளைக் கடிந்துகொள்கிறார். ஜன்னலோரம் அழைத்துப்போய்த் தொண்டையைப் பார்க்கிறார். வெள்ளைத் திட்டு, சாம்பல் நிறப் பொருக்குகள். மற்ற மருத்துவர்கள் கூடுகிறார்கள். கடைசியில் தெரியவருகிறது: அந்த நண்பர் போட்ட ஊசிதான் காரணம், ஊசிக் குழலும் சுத்தமாக இல்லை.

ஃப்ராய்ட் இந்தக் கனவைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் தனக்கு எதை நினைவூட்டுகிறது என்று எழுதிக்கொண்டே போனார். முடிவில் கிடைத்தது ஒரு விருப்பம்: பழி என்மேல் இல்லை. கனவு என்பது நிறைவேறிய ஆசை என்ற அவருடைய கோட்பாடு இங்கிருந்து எழுந்தது. 'கனவுகளின் விளக்கம்' 1899 நவம்பரில் வெளிவந்தது, அட்டையில் 1900 என்று அச்சிட்டு. அச்சடித்த 600 பிரதிகள் விற்றுத் தீர எட்டு ஆண்டுகள் ஆயின. கனவின் ரகசியம் தனக்கு வெளிப்பட்ட இடம் இது என்று பெல்வியூவில் ஒருநாள் கல்வெட்டு வைப்பார்களா என்று இன்னொரு மருத்துவ நண்பரான ஃப்ளீஸுக்கு அவர் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் அப்படியே ஒரு கல் நடப்பட்டது.

ஆனால் இர்மா கனவில் ஃப்ராய்ட் எழுதாமல் விட்ட ஒரு பகுதி இருக்கிறது. அதே 1895இன் தொடக்கத்தில், எம்மா எக்ஸ்டைன் என்ற அவருடைய இன்னொரு நோயாளிக்கு ஃப்ளீஸ் மூக்கில் அறுவை செய்து, நீளமான கட்டுத்துணியை உள்ளேயே விட்டுவிட்டார். ரத்தம் பெருக்கெடுத்து அந்தப் பெண் சாவின் விளிம்புவரை போய் வந்தாள். இதை 1966இல் வெளியில் கொண்டுவந்தவர் ஃப்ராய்டின் சொந்த மருத்துவராக இருந்த மாக்ஸ் ஷூர். கனவில் தொண்டைக்குள் எட்டிப் பார்த்த அந்தக் காட்சியை இதோடு சேர்த்து வாசித்தால் மனம் பதறுகிறது. கவனக்குறைவான மருத்துவர், சுத்தமில்லாத கருவி, பாதிக்கப்பட்ட பெண், பழியை வேறெங்காவது தள்ளத் துடிக்கும் மனம்: எல்லாம் அங்கேயே இருக்கின்றன. அது ஆசை நிறைவேறிய கனவு என்பதைவிட, நெஞ்சை அறுத்துக்கொண்டிருந்த ஒன்றை விடமுடியாத கனவு என்றே எனக்குப் படுகிறது.

ஃப்ராய்டிடம் நிலைத்து நிற்பது அவருடைய முறை. கனவின் ஒவ்வொரு துண்டும் உனக்கு என்ன ஞாபகத்தைத் தருகிறது என்று கனவு கண்டவரிடமே கேட்பது. அவரைக் கெடுத்தது பின்னால் வந்த பதிப்புகளில் அவரே சேர்த்துக்கொண்டுபோன குறியீட்டுப் பட்டியல்: குடை என்றால் இது, படிக்கட்டு என்றால் அது. பஞ்சாங்கத்துக் கனவுப் பலனுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஐந்து தொகுதிகளாகக் கனவு நூல் எழுதிய கிரேக்கர் ஆர்ட்டெமிடோரஸ்கூட, ஒரே கனவு ஏழைக்கு ஒரு பொருளும் பணக்காரனுக்கு வேறு பொருளும் தரும் என்று எச்சரிக்கையாகத்தான் சொன்னார். விழிப்பில் மனம் ஒரு பக்கமே சாய்ந்தால் கனவு மறுபக்கத்தைக் காட்டும் என்று உளவியலாளர் கார்ல் யுங் சொன்னது அழகானது. சோதித்துப் பார்க்கக் கடினமானது. இந்தியாவில் கிரீந்திரசேகர போஸ் 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கி, வங்க மொழியில் கனவு பற்றிப் புத்தகமும் எழுதினார். தமிழில் அந்த அளவுக்கு யாரும் இறங்கவில்லை என்பது வருத்தம்தான்.

1977இல் ஹார்வர்டின் ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் ஃப்ராய்டுக்கு நேரெதிராக ஒரு வாதத்தை வைத்தார்கள். மூளைத்தண்டு ரெம் நேரத்தில் தாறுமாறாகச் சமிக்ஞைகளை மேலே அனுப்புகிறது; மேல்மூளை அவற்றைக் கோத்து ஒரு கதையாக்கப் பார்க்கிறது; அதுதான் கனவு. உள்ளே மறைந்த செய்தி எதுவும் கிடையாது. டிஎன்ஏ அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான ஃப்ரான்சிஸ் கிரிக் 1983இல் மிச்சிசனுடன் சேர்ந்து இன்னும் ஒரு படி போனார்: மூளை வேண்டாததை மறக்கவே கனவு காண்கிறது, எனவே கனவை நினைவில் வைத்துக்கொள்ள முயல்வதே நல்லதல்ல. படித்தவர்கள் மத்தியில் 'கனவெல்லாம் வெறும் குப்பை' என்ற பேச்சு பரவியது இந்தக் காலத்தில்தான்.

அதை அசைத்தவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் சோம்ஸ். மூளையில் அடிபட்ட, பக்கவாதம் வந்த, கட்டி வந்த 300க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் அவர் ஒரு எளிய கேள்வி கேட்டார்: முன்பு போல் உங்களுக்குக் கனவு வருகிறதா? சிலருக்குக் கனவு அறவே நின்றுபோயிருந்தது. அவர்களுடைய மூளைத்தண்டு நன்றாக இருந்தது, ரெம்மும் இருந்தது. பழுதுபட்டிருந்தது முன்மூளையின் அடியாழத்தில் ஓடும் நரம்பிழைகள். நாடுவது, தேடுவது, விரும்புவது ஆகியவற்றைத் தூண்டும் டோபமின் செல்லும் பாதை அது. 1997இல் அவர் இதை நூலாக வெளியிட்டபோது, கனவும் ரெம்மும் ஒன்றல்ல என்பதும் விருப்பத்தின் இயந்திரம் ஓடினால்தான் கனவு வரும் என்பதும் வலுப்பெற்றன. ஃப்ராய்ட் சொன்னதெல்லாம் சரி என்று சோம்ஸ் சில இடங்களில் இழுத்துப் பேசுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் தாறுமாறான சத்தம்தான் கனவு என்று இனிச் சொல்ல முடியாது. ரெம் நேரத்தில் உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா சுறுசுறுப்பாக இருப்பதும், நியாயம் பார்க்கும் முன்மூளையின் பக்கப்பகுதி ஓய்ந்திருப்பதும் மூளைப் படங்களில் தெரிகின்றன. செத்துப்போன தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது நமக்குச் சந்தேகமே வராததும், பயம் மட்டும் உச்சத்தில் இருப்பதும் இதனால்தான்.

ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே இன்னொருவர் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தார். கிளீவ்லாந்தின் உளவியலாளர் கால்வின் ஹால். சாதாரண மனிதர்களின் சாதாரணக் கனவுகளைச் சேர்த்து, யார் வந்தார்கள், சண்டையா நட்பா, எந்த இடம், என்ன உணர்ச்சி என்று பட்டியலிட்டார். 1966இல் அவரும் வான் டி காஸிலும் கல்லூரி மாணவ மாணவியரின் 1,000 கனவுகளை வைத்து வெளியிட்ட அளவுகோல் இன்றும் பயனில் இருக்கிறது. அந்தப் பட்டியல் காட்டுவது விசித்திரங்களை அல்ல. வீடு, தெரிந்த முகங்கள், பேச்சு, வாக்குவாதம், தொலைந்துபோவது, தாமதமாவது. நல்லது நடப்பதைவிடக் கெட்டது நடப்பது அதிகம்.

ஹால் போகிற போக்கில் சொன்ன ஒரு செய்தி என்னை வெகுவாக யோசிக்கவைத்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசி நாட்களில் அவர் ஒரு மாணவர் குழுவிடம் அன்றாடம் கனவுகளைச் சேகரித்துவந்தார். ஜப்பான்மீது முதல் அணுகுண்டு விழுந்தது. உலகமே அதைத்தான் பேசியது. மாணவர்களின் ஒரு கனவில்கூட அது வரவில்லை.

இதன் பக்கத்தில் பெர்லினை வைத்துப் பார்க்க வேண்டும். ஷார்லோட்டே பெராட் என்ற யூதப் பத்திரிகையாளர் 1933 முதல் 1939இல் நாட்டைவிட்டு வெளியேறும்வரை, தெரிந்தவர்கள், அக்கம்பக்கத்தார், தையல்காரர், பால்காரர் என்று பலரிடமும் கனவுகளைக் கேட்டு எழுதினார். ஹிட்லரை 'ஹான்ஸ் மாமா' என்றும், கைதாவதை 'ஃப்ளூ காய்ச்சல்' என்றும் மாற்றி எழுதி, புத்தகங்களின் அட்டைக்கட்டுக்குள் ஒளித்துவைத்தார். ஏறக்குறைய 300 கனவுகள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மூன்றாம் நாள் அறுபது வயது ஆலை முதலாளி ஒருவர் கண்டது: பின்னர் பிரச்சார அமைச்சரான கெப்பெல்ஸ் ஆலைக்கு வருகிறார். தொழிலாளர்கள் இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் நின்று இவர் கையை உயர்த்தி வணக்கம் வைக்க வேண்டும். கை அங்குலம் அங்குலமாகத்தான் எழுகிறது. அரை மணி நேரம் ஆகிறது. கெப்பெல்ஸ் நாடகம் பார்ப்பதைப் போல, பாராட்டும் இல்லாமல் கோபமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கை ஒருவழியாக மேலே வந்ததும், உங்கள் வணக்கம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிறார். உயர்த்திய கையோடு தன் தொழிலாளர்கள் முன்னால் அந்த மனிதர் நிற்கிறார். 1934இல் ஒரு மருத்துவர் கண்டது: இரவு ஒன்பது மணி, நோயாளிகள் போன பிறகு சோபாவில் சாய்ந்து ஓவியப் புத்தகம் வாசிக்கிறார். திடீரென்று அறையின் சுவர்கள் மறைகின்றன. எட்டிப் பார்த்தால் எந்த வீட்டுக்கும் சுவர் இல்லை. சுவர்களை ஒழிப்பது பற்றிய அரசாணையை ஒலிபெருக்கி படித்துக்கொண்டிருக்கிறது.

ஹிரோஷிமா அந்த அமெரிக்க மாணவர்களுக்குத் தலைப்புச் செய்தி. பெர்லின்காரர்களின் வாசற்படியில் ஆட்சி வந்து நின்றுவிட்டது. கை எப்படி உயர வேண்டும், வீட்டுக்குள் எதைப் பேசலாம் என்பதில் அது தலையிட்டது. கனவுக்குள் நுழைய ஒரு நிகழ்ச்சி பெரியதாக இருந்தால் போதாது, நெருங்கி வந்து தொட்டிருக்க வேண்டும். எர்னஸ்ட் ஹார்ட்மன் 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்திலிருந்து இதையே சொல்கிறது. நாளெல்லாம் வாசித்து, எழுதி, கணக்குப் பார்த்து, தட்டச்சு செய்பவர்கள்கூட அந்த வேலைகளைக் கனவில் அநேகமாகக் காண்பதே இல்லை. எத்தனை மணி நேரம் செய்தோம் என்பது கனவுக்கு ஒரு பொருட்டல்ல.

அதனால்தான் பள்ளியைவிட்டு முப்பது வருடமாகியும் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை கனவில் வருகிறது. ஹால் டிக்கெட் இல்லை, பேருந்து போய்விட்டது, கேள்வித்தாளில் ஒன்றும் புரியவில்லை. பாரிஸில் இசபெல் ஆர்னுல்ஃப் குழுவினர் மருத்துவப் படிப்பு நுழைவுத் தேர்வு எழுதிய 719 மாணவர்களிடம் கேட்டதில், தேர்வுக்கு முந்தைய இரவில் நூற்றுக்கு அறுபது பேர் தேர்வைக் கனவில் கண்டிருந்தார்கள். அந்தக் கனவுகளில் நான்கில் மூன்றுக்கும் மேல் சொதப்பல்தான். ஆனால் தேர்வைக் கனவில் கண்டவர்களே, காணாதவர்களைவிட, நிஜத்தில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். கனவு அவர்களைத் தயார்படுத்தியதா, அல்லது அதிக அக்கறை உள்ளவர்களுக்கே அந்தக் கனவு வருகிறதா என்பதை இந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. நீட் எழுதப்போகும் பிள்ளை பரீட்சையில் தோற்றதாகக் கனவு கண்டு அழுதுகொண்டு எழுந்தால், அம்மா பரிகாரம் தேட வேண்டியதில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கனவு நமக்கு எதையாவது செய்கிறதா? பின்லாந்தின் அன்டி ரெவோன்சுவோ, ஆபத்துகளை எதிர்கொள்ளும் ஒத்திகை அது என்கிறார். துரத்தப்படும் கனவு உலகெங்கும் ஏன் இவ்வளவு சாதாரணம் என்பதற்கு அது பதில். காதல் கனவுக்கு அதனிடம் பதில் இல்லை. எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது சிகாகோவின் ரோசலிண்ட் கார்ட்ரைட் செய்த வேலை. விவாகரத்தால் மனச்சோர்வில் விழுந்தவர்களைத் தூக்கக்கூடத்தில் படுக்கவைத்து, ரெம் நேரத்தில் எழுப்பிக் கனவுகளைக் கேட்டார். பிரிந்த துணை கனவில் வந்தவர்கள் ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது தேறியிருந்தார்கள். வராதவர்கள் அந்த அளவுக்குத் தேறவில்லை. மறக்க நினைப்பவர் கனவில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு பயப்படுகிறோம்; மனம் அங்கே ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது போலும்.

இறந்தவர்கள் வருவதும் இப்படித்தான். நம் வீடுகளில் 'அப்பா கனவில் வந்தார், பசிக்கிறது என்று கேட்டார்' என்றால் காக்கைக்குச் சோறு வைப்போம், நாலு பேருக்குச் சாப்பாடு போடுவோம். துயரத்தில் இருப்பவர்களின் கனவுகளைப் படித்தவர்கள், அவற்றில் பல ஆறுதல் தருபவை என்று சொல்கிறார்கள். பசித்த அப்பாவைக் கண்ட மகளிடம் அமிக்டலாவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. கடைசிக் காலத்தில் அவர் சரியாகச் சாப்பிட்டாரா, அப்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால் அவளே பேச ஆரம்பித்துவிடுவாள். சோறு வைப்பதும் அந்தப் பேச்சின் ஒரு பகுதிதான்.

கனவில் கண்டுபிடிப்புகள் பிறந்த கதைகளை இங்கே ஓரளவுக்கு மேல் தூக்கிப்பிடிக்க நான் விரும்பவில்லை. ஓட்டோ லோவி தவளை இதயச் சோதனையைக் கனவில் கண்டு எழுந்துபோய்ச் செய்து பார்த்தார், 1936இல் நோபல் பரிசு பெற்றார். ராமானுஜன், நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் கணிதம் காட்டியதாகச் சொன்னார். அவர் கண்ட கனவை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் சூத்திரங்கள் அவர் கனவுக்கு வந்தது, விழித்திருந்த நேரமெல்லாம் அவர் சிலேட்டும் சூத்திரமுமாக வாழ்ந்ததால். கணக்கு பெரும்பாலோர் கனவில் வருவதில்லை என்று மேலே சொன்னேன். அவருக்கு அது தாயாரைப் போல நெருக்கமான உறவு.

இந்தத் துறையின் பெரிய பலவீனம், கனவை யாரும் நேரில் பார்த்ததில்லை என்பது. எழுந்த பிறகு சொல்லப்படுவதை வைத்துத்தான் எல்லாம். அதிலும் நாம் விரும்பியபடி வாசிக்கிறோம். மோர்வெட்ஜ், நார்ட்டன் இருவரும் 2009இல் மூன்று நாட்டு மாணவர்களிடம் கேட்டபோது, கனவு உள்ளே மறைந்த உண்மையைக் காட்டுகிறது என்றவர்கள் அமெரிக்காவில் 56 சதவீதம், தென்கொரியாவில் 65, இந்தியாவில் 74. ஆனால் பிடித்த நண்பரைப் பற்றிய நல்ல கனவுக்கு அர்த்தம் உண்டு என்றும், அதே நண்பரைப் பற்றிய கெட்ட கனவுக்கு அவ்வளவு அர்த்தம் இல்லை என்றும் மக்கள் எடை போட்டார்கள். கனவு சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது என்று மருமகளைக் கரித்துக்கொட்டும் வீடுகளை நினைத்துக்கொள்கிறேன். கனவில் வந்தவர் அங்கே ஒன்றும் செய்யவில்லை. கண்டவரின் மனம்தான் அவரை அப்படி நடக்கவைத்தது. எழும்வரை காத்திருந்துதான் கேட்க வேண்டும் என்ற நிலை மட்டும் மெல்ல மாறுகிறது. 2021இல் நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள், கனவு காண்கிறோம் என்ற உணர்வோடு கனவு காண்பவர்களிடம் தூக்கத்திலேயே கேள்வி கேட்டு, கண்ணசைவால் பதில் வாங்கின. எட்டிலிருந்து ஆறைக் கழித்தால் என்ன என்று கேட்டதற்கு, தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணை இரண்டு முறை அசைத்தார். சரியான பதில் வந்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான முறைதான். ஆனாலும் கனவுக்குள்ளிருந்தே ஒருவர் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

இத்தனை ஆராய்ச்சியிலும் இன்றைக்கே ஒருவருக்கு உதவக்கூடியது எது என்றால், கொடுங்கனவுக்கான சிகிச்சை. விபத்தோ வன்முறையோ தாக்குதலோ நேர்ந்தவர்களுக்கு அதே காட்சி இரவுதோறும் திரும்ப வருவது உண்டு. தூங்கவே பயந்து விழித்திருப்பார்கள். நம் மருத்துவர்கள் தூக்கம் வருகிறதா என்று கேட்டு மாத்திரை எழுதுகிறார்கள். தூங்கினால் என்ன வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டும். ஏனென்றால் ஓயாத கொடுங்கனவு தற்கொலை எண்ணத்தோடு சேர்ந்து வரக்கூடியது. சில ரத்த அழுத்த மாத்திரைகளாலும், குடியைத் திடீரென நிறுத்துவதாலும்கூட அது வரலாம்.

பாரி கிராக்கோவும் குழுவினரும் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் ஒரு முறையைச் சோதித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மருந்து கிடையாது. நடந்த கொடுமையைத் திரும்பச் சொல்லவும் தேவையில்லை. பகலில், பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து, ஒரு கொடுங்கனவை எழுத வேண்டும். பிறகு அதை மாற்றி எழுத வேண்டும். மாற்றிய கனவை மட்டும் தினமும் சில நிமிடங்கள் கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சில வாரங்களில் பலருக்குக் கொடுங்கனவுகள் குறைந்தன, தூக்கம் திரும்பியது, பகல் நேரத்துப் பதற்றமும் தணிந்தது. கனவை எப்படி மாற்றுவது என்று சிகிச்சையாளர் சொல்லித் தருவதில்லை. துரத்துபவன் குட்டையாகிப் போகலாம், கதவு திறந்துகொள்ளலாம், சுவரின் நிறம் மட்டும் மாறலாம். அது கனவு கண்டவரின் விருப்பம்.